காரணம் சொல்லும் வரிசை

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரில் நாள்கணக்காகக் கொட்டித் தீர்த்த மழை அன்று காலை சற்றே ஓய்ந்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு தூறலாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாதபோது மண்டபம் மலிவாகக் கிடைக்கும். ஆகவே ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் தன் ஆண்டுக் கூட்டத்தை எப்போதும் ஆடியில்தான் கூட்டும். நான்காம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் கலாமணி அமர்ந்திருந்தாள். அவளுக்கு அப்புறம் ஒரு நாற்காலியை வேண்டுமென்றே காலியாக விட்டுவிட்டு அவள் மகள் தாரணி அமர்ந்திருந்தாள். மைக் முதல் வரிசையில் இருந்தது. அது கைக்குக் கை மாறி வரும். வரும்போது தாய் எழுந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும், பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு காரணத்தைச் சொல்ல வேண்டும். இது யாரும் விதித்த சட்டமன்று. சங்கத்தின் முதற்கூட்டத்தில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே, ஏழாம் மாதத்தில் தனக்குக் காமாலை வந்ததாகவும் அதனால்தான் பிள்ளை இப்படிப் பிறந்ததாகவும் சொல்லப்போக, அடுத்தவள் தன் காரணத்தைச் சொல்ல, அதற்கடுத்தவள் தன்னுடையதைச் சொல்ல, அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அப்பாக்களுக்குக் காரணம் கிடையாது. அவர்கள் கடைசி வரிசையில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். கலாமணியின் கணவர் துரைசாமியும் அங்கேதான் இருந்தார். பிள்ளைகளைப் பின்புறத்து அறையில் விளையாட விடுவதும் வழக்கம். வளர்ந்த பிள்ளைகளும் கூட்டத்தில் அமரலாம் என்று தீர்மானமானது இந்த ஆண்டுதான். தாரணி வந்திருக்கிறாள். இருபத்து நான்கு வயது. அம்மா தன்னைப்பற்றி என்ன சொல்கிறாள் என்பதைத் தன் காதால் கேட்பதற்காகவே வந்திருக்கிறாள். அதைப் பேருந்திலேயே சொல்லிவிட்டாள்.

“ஆளுக்கு ரெண்டு நிமிசந்தானுங்க அம்மணிகளா,” என்றார் மேடையில் நின்ற செயலாளர் சிவகாமிநாதன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியமும் பேசமாட்டார். “போன வருசம் ஒருத்தரு பேசி முடிக்கறதுக்குள்ள டீ ஆறி, மறுபடி காய்ச்சி, அதுவும் ஆறிப்போச்சுங்க. பேரு யாருன்னு நாஞ் சொல்லமாட்டேன்.”

சிரித்தார்கள். சிலர் திரும்பிக் கலாமணியைப் பார்த்தார்கள். அவளும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது, சிரித்தாள். கலாமணியக்கா சொன்னால் கோர்வையாகச் சொல்வாள் என்று சங்கத்தில் பெயர். புதிதாய் வருகிற தாய்மார்களைச் செயலாளர் அவளிடம்தான் பேசச் சொல்லி அனுப்புவார். பேசுவாள், அவர்கள் அழுவார்கள், அவளும் அழுவாள், அழுது முடித்தபின் இரு பக்கத்திலும் ஏதோ ஒரு பாரம் இடம் மாறி அமர்ந்ததுபோல இருக்கும். பன்னிரண்டு நாளைக்கு முன்னும் அப்படித்தான் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பிருந்தா என்று பெயர்; மூத்தவனுக்கு நான்கு வயது, ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள்; மடியில் பத்து மாதப் பெண் குழந்தை, அதற்குத் தட்டம்மை ஊசி போடலாமா வேண்டாமா என்று கேட்டாள். அந்த ஊசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நாடு நாடாக இலட்சக்கணக்கான பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்பது கலாமணிக்குத் தெரியும், படித்திருக்கிறாள், படித்ததை மறுக்கவும் இல்லை. ஆனாலும் வாயில் பழகிய வாக்கியம் நாக்கின் நுனியிலேயே காத்திருக்கிறது. யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுகிறது. ‘பதினஞ்சாம் மாசம் ஊசி போட்டுட்டு வந்தோம் கண்ணு. அதுக்கப்புறம் எம்பொண்ணு போயிட்டா.’ சொல்லி முடித்துத் திரும்பியபோது கதவருகே தாரணி நின்றிருந்தாள். கோபமில்லை, அழுகையில்லை, ஒரு கணக்கில் விடை பொருந்தாதபோது புருவத்தை எப்படிச் சுருக்குவாளோ அப்படிச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: ‘போனது யாரும்மா? நான் இங்கதான இருக்கறேன்?’ அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றாள் கலாமணி. ‘பேச்சுக்குன்னா பொய்யா?’ பொய்யில்லை என்றாள். ‘அப்ப நெஜமாலுமே ஒருத்தி போயிட்டாளா? அவளுக்குப் பதிலாத்தான் நான் இருக்கறனா?’ அன்றிரவிலிருந்து தாரணி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள். கதவைச் சாத்துவதில்லை, திறந்துதான் வைத்திருக்கிறாள், சாப்பிடும் சத்தம் கூடத்துக்குக் கேட்கிறது. அந்தத் திறந்த கதவுதான் கலாமணியை வதைக்கிறது. சாத்தியிருந்தால் தட்டலாமே. இன்று காலைப் பேருந்தில், நனைந்த குடையை முழங்காலுக்கு இடையே வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்தபடியே மகள் சொன்னாள்: ‘இன்னைக்கு நீங்க சொல்றத நான் கேப்பேன். அதேதான்னா, இனி நான் உங்ககிட்ட எதுவும் கேக்கமாட்டேன்.’ மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடை விடுமுறை என்பதுபோலச் சொன்னாள். அவளுக்கு மிரட்டத் தெரியாது. அதனால்தான் பயமாக இருந்தது.

மைக் முதல் வரிசையின் பாதியைத் தாண்டிவிட்டது. கர்ப்பமாக இருக்கும்போது வீடு மாறி வெள்ளையடித்தார்களாம்; அந்த நெடி. அடுத்தவள் நாற்பது வயதில் பெற்றாள், அதுதான். அடுத்தவள் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டினாள். ஒவ்வொரு காரணத்துக்கும் மண்டபம் உச்சுக்கொட்டியது. கலாமணியும் உச்சுக்கொட்டினாள், கொட்டிவிட்டுத் தாரணியைப் பார்த்தாள், தாரணி காதை மூடும் பெரிய ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் விலக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எத்தனை காரணம் சொல்லியிருக்கிறேன் இந்த மைக்கில், என்று கலாமணி நினைத்தாள். நினைத்ததும் அவை ஆலையில் கோன் கோனாகச் சுற்றி அடுக்கிய நூலைப்போலக் கண்முன் நின்றன. முதலில், நான் வேலைக்குப் போனது. தாரணிக்கு மூன்று வயதில் கொண்டுபோய்க் காட்டிய பெரிய டாக்டர், குழந்தையைத் தொடாமலேயே, ‘அம்மா வேலைக்குப் போறாங்களா?’ என்று துரைசாமியிடம் கேட்டார். அவர் ஆமாம் என்றார். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை எத்தனை ஆண்டு சுமந்தாள். பிறகு ஊர் உலகமே ஊசி என்றது. அவளும் ஊசி என்றாள். அப்புறம் கோதுமையும் பாலும் என்றார்கள். இரண்டையும் வீட்டிலிருந்து ஒழித்தாள். பால்கோவாவுக்காகப் பிள்ளை தரையில் உருண்டு அழுதது. இரண்டு ஆண்டு கழித்து அதிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருமுறை, தான் வேலைபார்க்கும் ஆலைச் சோதனைக்கூடத்து இரசாயன நெடி என்றும் சொல்லியிருக்கிறாள். மாற்றி மாற்றிச் சொல்கிறோமே என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் அவரவர் காரணத்தை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள், புடைவைக்கரை மாதிரி, அந்தந்த ஆண்டுக்கு எது வந்திருக்கிறதோ அது. எது மாறினாலும் கடைசி வாக்கியம் மட்டும் மாறியதில்லை. எம்பொண்ணு போயிட்டா. அங்கேதான் மண்டபம் அழும்.

காரணம் தேடுவது அவள் தொழில். நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. நூல் அறுந்தால் அறுந்த முனையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைப்பார்கள். அறுந்த இடத்தில் காரணம் இருக்காது என்பதுதான் அவள் முதலில் கற்ற பாடம். அது பின்னால் இருக்கும், நூலைச் சுற்றும் கதிரில் இருக்கும், ஈரப்பதத்தில் இருக்கும், அதற்கும் பின்னால் பஞ்சிலேயே இருக்கும். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் அகப்படும். அகப்பட்டதும் ஓர் ஆறுதல் வரும், வெயிலில் வந்து தண்ணீர் குடித்ததுபோல. மகளையும் அப்படித்தான் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று வயது, இரண்டு வயது, பதினைந்து மாதம், கர்ப்பத்தின் ஒன்பதாம் மாதம், ஐந்தாம் மாதம், மசக்கையில் சாப்பிட்ட மாங்காய். கல்யாணம். கல்யாணத்துக்கு முன் பார்த்த ஜாதகம். எங்கும் அகப்படவில்லை, அகப்படாததால் மறுபடி முதலிலிருந்து. ஆலையில் முடிச்சும் புடைப்புமாக வந்த நூலைக் குறையென்று ஒதுக்குவோம். பிறகு அதையே வேண்டுமென்று கேட்டு வாங்குகிறவர்கள் வந்தார்கள். மெத்தைத் துணிக்கு அழகாக இருக்கிறதாம். தாரணியும் அப்படித்தான் என்று ஒருமுறை ஆலை மேலாளர் சமாதானம் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆனால் என் மகள் நூலில்லையே, என்று அப்போதே தோன்றியது. அவளை யாரும் வாங்க வேண்டியதில்லை, ஒதுக்கவும் வேண்டியதில்லை. அவளுக்குப் பூண்டு உரிக்கப் பிடிக்கும். பம்புசெட்டின் உள்பாகங்களைக் கணினியில் வரைகிற வேலை பிடிக்கும். குக்கர் விசில் பிடிக்காது. இதற்கெல்லாம் காரணம் தேடினேனா? பூண்டுக்கு யாராவது காரணம் தேடுவார்களா? இங்கே வந்து நினைப்பு தடுக்கியது. தடுக்கியதைத் தாண்ட முயன்றாள், முடியவில்லை, பூண்டு, பூண்டு என்று அதே இடத்தில் சுற்றியது.

மைக் கீச்சிட்டது. தாரணி இரு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தாள். கலாமணியின் கை தானாகக் காலி நாற்காலியைத் தாண்டி நீண்டது, பாதியில் நின்றது. தொட்டால் இன்னும் துடிப்பாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வரிசையில் ஷாஹிதா எழுந்தாள். அவளுடைய மகன் இம்ரானுக்குப் பதினேழு வயது, பேச்சில்லை, கையைத் தானே கடித்துக்கொள்வான், அவனை வீட்டில் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“எம்பேரு ஷாஹிதா. மகன் பேரு இம்ரான். காரணம் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க இருந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்,” என்றாள். பிறகு மைக்கை அடுத்தவளிடம் கொடுக்கப்போனவள் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். “போன வருசம் விருந்தாளியாக் கூப்பிட்டிருந்த, ஆட்டிசம் இருக்கற, பேசத் தெரிஞ்ச ஒரு தம்பி வந்து, காரணம் தேடாதீங்க, மருந்து தேடாதீங்க, எங்கள இப்படியே இருக்க விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாப்ல. நல்லாத்தான் சொன்னாப்ல, நானுங் கைதட்டினேன். வீட்டுக்குப் போயிப் பாத்தா எம்மகன் மணிக்கட்டுல ரத்தம். அந்தத் தம்பிக்கு வாய் இருக்குது. இவனுக்காக யாரு பேசறது? எதயாவது கண்டுபிடிங்கப்பா. எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வேணும்.”

“அதுசரி,” என்றது பின்வரிசையில் ஓர் ஆண் குரல். “அந்தத் தம்பி சொன்னதும் சரிதானுங்க. நம்ம புள்ளைங்க காதுபடவே இவங்க பொறந்திருக்கக் கூடாதுன்னு பேசறமே!” என்றது இன்னொரு குரல். “யாருங்க அப்படிப் பேசினது?” “பேசலைன்னாலும் அதுதானுங்க அர்த்தம்!” சிவகாமிநாதன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “சண்டைய டீக்கப்புறம் வெச்சுக்கலாமுங்க. வடை இருக்குது, தெம்பா இருக்கும்.”

தாரணி தலையை நிமிர்த்தாமலே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: “அவங்க கேக்கறது தூக்கம். அப்படின்னா தூக்கத்தப் பத்தித்தான ஆராயணும்? கடிக்கறது எங்கயோ வலிக்கறதுனாலயா இருக்கலாம். அதப் பாக்கணும். எதுக்கு எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டுக் காரணம்னு சொல்றாங்க?”

கலாமணிக்கு அது யாருக்கும் கேட்கவில்லையே என்றிருந்தது. மைக்கில் சொல்ல வேண்டிய வார்த்தை மடியில் விழுந்து கிடக்கிறது. போன ஆண்டு நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. அந்த இளைஞன் பேசி முடித்ததும் பாதி மண்டபம் எழுந்து நின்று தட்டியது, பாதி மண்டபம் உட்கார்ந்தபடியே வாயை இறுக்கிக்கொண்டது. கலாமணி பாதி எழுந்து, முழங்காலை மடக்கியபடியே நின்றாள். எழுந்தவர்களோடும் இல்லை, அமர்ந்தவர்களோடும் இல்லை. வாசலில் இப்போது ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மரபணு ஆய்வுக்காக வந்திருக்கும் ஹேமலதா என்ற இளம்பெண் அங்கே சிறு குழாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். விரும்புகிற குடும்பத்தார் அதில் எச்சிலைக் கொடுக்கலாம். உள்ளே நுழையும்போது அவள் பொறுமையாகச் சொன்னாள்: ஒரே மரபணு இல்லைங்கம்மா, நூற்றுக்கணக்கானவை, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கலவை, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே, யாருடைய தவறும் இல்லை. யாருடைய தவறும் இல்லை. கேட்டதும் நெஞ்சு குளிர வேண்டாமா? குளிரவில்லை, வெறிச்சென்று ஆகிவிட்டது. குற்றமாவது ஒரு துணை. இத்தனை ஆண்டு அதோடு குடும்பம் நடத்தியாகிவிட்டது. அது இல்லையென்றால் கலாமணி யார்? காரணம் இல்லாத ஒரு தாய் இந்த மைக்கின் முன் எழுந்து என்ன சொல்வாள்? பெயர், மகளின் பெயர், அப்புறம்? அப்புறம் வெறும் காற்று. எல்லாரும் காத்திருப்பார்கள். தாரணி கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வரிசை. நேர் முன்னால் இருந்த பிருந்தா எழுந்தாள். மடியில் இருந்த பத்து மாதக் குழந்தை அவள் தோள்மீது ஏறி, பின்னால் இருக்கும் கலாமணியைப் பார்த்து வாய்நீர் ஒழுகச் சிரித்தது. பிருந்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “எம்பேரு பிருந்தா. மகன் பேரு கவின். நான், மாமியார் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, எட்டாம் மாசம் வரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டினேன். இல்லைன்னா ஊசியா இருக்கும். கலாமணியக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது. அதனால பாப்பாவுக்கு ஊசி போடல. இவளாவது போகாம இருக்கட்டும்.” அழுதாள். மண்டபம் உச்சுக்கொட்டியது. இவளாவது போகாமல் இருக்கட்டும். குழந்தை கலாமணியின் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. சொல்லித்தான் தெரிந்தது. நான் எப்போது போடாதே என்றேன்? போடாதே என்று சொல்லவில்லை. போ, போடு என்றும் சொல்லவில்லை. போயிட்டா என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம், காய்ச்சல் காலம். தட்டம்மை வந்தால் இந்தக் கை, இந்த எச்சில் சிரிப்பு. போனாள், போனாள் என்கிறாயே, எப்போது போனாள், சொல், என்று மனத்துக்குள் யாரோ கேட்டார்கள். சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை அவள் கேட்கும் அதே குரல். எந்தக் கதிர், எந்த நேரம், நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா? பதினைந்தாம் மாதம். ஊசி போட்ட அன்று காய்ச்சல். மறுநாள் அழவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அதற்கு முன் திரும்பினாளா? திரும்பினாள். உறுதியாகவா? நிலா என்று சொல்லுவாள். நிலா என்றா, லா என்றா? லா. நிலாவைப் பார்த்தா? இல்லை, விளக்கைப் பார்த்து, மின்விசிறியைப் பார்த்து, சும்மாவும். சரி, முதல் பிறந்தநாள். முதல் பிறந்தநாளில் என்ன செய்தாள்? அது பதினைந்தாம் மாதத்துக்கு முன்னல்லவா. வீடு நிறையக் கூட்டம், கேக், துரைசாமியின் தங்கை பலூன் ஊதினாள், குழந்தையை எங்கே என்று தேடினால், கட்டிலடியில், கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு, பொம்மைப் பேருந்தின் சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைதட்டிக் கூப்பிட்டார்கள். திரும்பவே இல்லை. அந்த முகத்தில் இருந்த நிறைவு! மாமனார் சிரித்துக்கொண்டே, பேத்தி மெக்கானிக் ஆவா பாரு என்றார், எல்லாரும் சிரித்தார்கள், இன்றுவரை குடும்பத்தில் சிரிக்கச் சொல்லும் கதை அது. அதைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்திருந்தோம், இதைத் தனியாக ஒரு பெட்டியில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததே இல்லை. ஊசிக்கு மூன்று மாதம் முன்பு. கட்டிலடியில் இருந்தது யார்? இதோ, ஒரு நாற்காலி தள்ளி, ஹெட்போனை ஒரு காதில் விலக்கிக்கொண்டு இருப்பவள்தான். அதற்கு முன்னும் இவள்தான். பால் குடிக்கையில் என் முகத்தைப் பார்க்காமல் தாலிச்சரட்டை ஒவ்வோர் இழையாகத் தடவிக்கொண்டிருந்தாளே, அதுவும் இவள்தான். அப்படியானால் போனவள் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. இல்லாத ஒருத்திக்காகவா ஆடி தவறாமல் வந்து அழுதேன், இருக்கிறவள் பின்னறையில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க? அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறொன்று, வெகுநாள் பூட்டிக் கிடந்த சன்னலைத் தள்ளியதும் முதலில் தூசியும் பிறகு காற்றும் வருமே, அப்படி.

மைக் அவள் கையில் இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. கைப்பிடி முன்பிருந்தவர்களின் வியர்வையால் ஈரமாக இருந்தது. எழுந்தாள்.

“எம்பேரு கலாமணி. மகள் பேரு தாரணி.”

அடுத்ததற்காக மண்டபம் காத்திருந்தது. முந்தானைகள் கண்ணருகே தயாராகப் போயின. வாயில் அந்த வாக்கியம் எழுந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். அது உள்ளே போக மறுத்து மறுபடி எழுந்தது.

“காரணமுங்க, கலாமணியம்மா?” என்றார் சிவகாமிநாதன், எடுத்துக் கொடுப்பவர்போல.

“தெரியாதுங்க,” என்றாள். “ஊசி இல்ல. அது மட்டும் நல்லாத் தெரியும். பிருந்தா, இங்க பாரு கண்ணு. நாஞ் சொன்னது தப்பு. ஊசிக்கு முன்னாலயே எம்பொண்ணு இப்படித்தான் இருந்தா. எனக்குத்தான் பாக்கத் தெரியல. பாப்பாவுக்கு நாளைக்கே போயி ஊசி போட்டுட்டு வா. நானுங் கூட வர்றேன்.” மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். “எம்பொண்ணு போயிட்டா போயிட்டான்னு இங்க நின்னு அழுதிருக்கறேன். நீங்களும் அழுதிருக்கறீங்க. அவ எங்கயும் போகலீங்க. முதல்ல இருந்தே இவதான். இதோ உக்காந்திருக்கறா. ஷாஹிதா சொன்னதுக்கு அவகிட்ட ஒரு பதில் இருக்குது. எனக்கு அது தெளிவாச் சொல்லத் தெரியாது. அவளுக்கு விருப்பமிருந்தா அவ சொல்லட்டும்.”

யாரும் உச்சுக்கொட்டவில்லை. கடைசி வரிசையில் துரைசாமி பைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்; ஏன் நின்றோம் என்று தெரியாதவர்போல நின்றுகொண்டே இருந்தார். கலாமணி மகளைத் திரும்பிப் பார்க்கப் பயந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் தாரணி. “மைக்கோட தலையப் பொத்திப் பிடிக்காதீங்க. அதனாலதான் கீச்சுங்குது.”

பிறகு எழுந்து, காலி நாற்காலியைத் தாண்டி வந்து, அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கி, கைப்பிடியின் அடியில் பிடித்துக்கொண்டாள். ஷாஹிதாவைப் பார்க்கவில்லை, ஷாஹிதாவுக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த மின்விசிறிச் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்துப் பேசினாள். தூக்கம் வேண்டுமென்றால் தூக்கத்தை ஆராய வேண்டும் என்றாள். கடிக்கிறவனுக்குப் பல்வலியா வயிற்றுவலியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள். தனக்குப் பத்து வயதில் காதுவலி வந்தபோது சொல்லத் தெரியாமல் சுவரில் தலையை இடித்துக்கொண்டதாகவும், அதையும் ஆட்டிசம் என்றே எல்லாரும் நினைத்ததாகவும் சொன்னாள். “பேசத் தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் தெரியும்னு நான் சொல்லல,” என்றாள். “இம்ரானுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் போகல. அவனும் அங்கதான் இருக்கறான்.” ஷாஹிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மதமா மறுப்பா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. “ரெண்டு நிமிசம் ஆச்சா?” என்று தாரணி செயலாளரைக் கேட்டாள். “ஆகட்டும் பொண்ணு, பரவால்ல,” என்றார் அவர், அன்று முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல். “இல்ல, எனக்கு முடிஞ்சுருச்சு,” என்று சொல்லிவிட்டு, அம்மாவை அடுத்திருந்த நாற்காலியில், அது காலியாக இருந்ததால், அமர்ந்தாள்.

அதன்பின் நடந்தவை இவை. தேநீர் இடைவேளையில் தாரணி வாசல் மேசைக்குப் போய் ஹேமலதாவிடம் மூன்று கேள்விகள் கேட்டாள்: எடுத்ததை யார் வைத்திருப்பார்கள், வேண்டாமென்றால் திருப்பித் தருவார்களா, இதைக் கொண்டு எங்களைப்போன்றவர்கள் பிறக்காமல் தடுப்பார்களா. முதலிரண்டுக்கும் பதில் கிடைத்தது. மூன்றாவதற்கு ஹேமலதா, தன் நிலையத்தில் அப்படியொரு நோக்கம் இல்லை, ஆனால் உலகம் முழுமைக்கும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். உண்மையைச் சொன்னதற்காகத் தாரணி நன்றி சொன்னாள், எச்சில் கொடுக்கவில்லை. கலாமணி கொடுத்தாள். பிருந்தா மறுநாள் போகவில்லை. அவள் மாமியார் தடுத்தார். கலாமணி இருமுறை வீட்டுக்கே போய்ப் பேசியபின் செப்டம்பர் முதல் வாரம் குழந்தைக்கு ஊசி போடப்பட்டது. ஷாஹிதா மகனைப் பல்மருத்துவரிடம் காட்டினாள். இரண்டு பற்கள் சொத்தை. எடுத்தபிறகு கடிப்பது குறைந்தது, நிற்கவில்லை. காரணம் தேடும் ஆய்வு வேண்டுமென்று அவள் இன்னமும் சொல்கிறாள். அதைப்பற்றித் தாரணியும் அவளும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் வாதாடுகிறார்கள். சங்கத்தின் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. பாதிப்பேர் இன்னும் காரணம் சொல்கிறார்கள், செயலாளர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தாரணி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஜனவரியில், அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால், பீளமேட்டில் வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொண்டாள். முதல் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது ஒரு பெரிய பையைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வாரத்துத் துவைக்காத துணிகள் இருந்தன. ‘தொவச்சுத் தர்றீங்களாம்மா?’ என்று கேட்டாள்.